குழந்தையிடமும் மரியாதையாகப் பேசும் ஊர்

கணவருக்கு கொலம்பியத் தலைநகர் பொகோத்தாவில் வேலை உறுதியானதுமே கோவையில் இருந்தபடி ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்துவிட்டேன். ஸ்பெயினில் அச்சான பாடப்புத்தகம். நெருக்கமானவர்களுக்கு 'து', பெரியவர்களுக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கும் 'உஸ்தெத்' என்று அதில் போட்டிருந்தது. நம்முடைய நீ, நீங்கள் மாதிரிதான்.

பொகோத்தாவில் காதில் விழுந்ததோ வேறு. எங்கள் வீட்டுக்கார அம்மா தன் கணவரை உஸ்தெத் என்கிறார், அவரும் அப்படியே. சரி, வயதான தம்பதி என்று பார்த்தால், பள்ளி விட்டு வரும் பேரனிடமும் உஸ்தெத். சோபாவில் ஏறிய நாயை இறங்கச் சொல்வதும் உஸ்தெத்தில்தான்! அந்த வீட்டில் யாரும் யாரையும் தள்ளி வைக்கவில்லை. அத்தனை பிரியம்.

கொங்கு நாட்டில் பிறந்தவளுக்கு இது சட்டென்று பிடிபட்டுவிட்டது. மூன்று வயதுப் பிள்ளையையும் "வாங்க கண்ணு, சாப்புடுங்க" என்று கூப்பிடுகிற பாட்டிகள் எங்கள் ஊரில் உண்டு. அதில் மரியாதை எங்கே முடிகிறது, கொஞ்சல் எங்கே தொடங்குகிறது என்று யாரால் சொல்ல முடியும்? பொகோத்தாவின் உஸ்தெத்தும் அந்த வகைதான்.

இலக்கணத்தில் ஒன்றை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய 'வுவெஸ்த்ரா மெர்செத்' என்ற மரியாதை விளிதான் தேய்ந்து தேய்ந்து உஸ்தெத் ஆனது. அதனால் எதிரில் நிற்பவரிடமே பேசினாலும் வினைச்சொல் படர்க்கையில் வரும். ஒருவர் முகத்தைப் பார்த்தே "சார் எங்கே போறார்?" என்று கேட்போமே, அப்படி. 'உன்னிடம் இருக்கிறது' என்பதற்கு து தியெனெஸ். அதுவே மரியாதையில் உஸ்தெத் தியெனெ. கடை வாசலில் நின்றாலே "சீகா, சீகா" என்று உள்ளே அழைப்பார்கள். அதுவும் இந்த மரியாதை ஏவல்தான்.

பலோகெமாவ் சந்தைக்குப் போனால் இன்னொரு சொல் கிடைக்கும். பொயாகா பக்கத்திலிருந்து வந்து கடை போட்டிருக்கும் ஒரு பாட்டியிடம்தான் நான் பழம் வாங்குவது. "என்ன தரட்டும், சுமெர்ஸே?" என்பார். 'சு மெர்செத்' என்ற மரியாதை விளி சுருங்கி வந்த சொல் இது. பொயாகா, குந்தினமார்கா மலைப்பகுதிகளின் அடையாளம். கிரானதீயா பழத்தின் மேல்தோட்டை விரலாலேயே உடைத்து, "சாப்பிட்டுப் பாருங்க சுமெர்ஸே" என்று கையில் வைப்பார். எடை போட்டு முடித்ததும் ஞாப்பா கேட்கலாம், அதாவது கொசுறு. கேட்காமலே ஒரு பழம் கூடப் போட்டுவிடுவார். இந்த நகரத்தில் எனக்கு மிகவும் பிடித்த சொல் எது என்று கேட்டால், யோசிக்காமல் சுமெர்ஸே என்பேன்.

ஆண்கள் விஷயம் தனி. தோளில் கைபோட்டு நடக்கும் சிநேகிதர்கள் தங்களுக்குள் உஸ்தெத் சொல்லிக்கொள்வார்கள். அதே ஆள் உடன் வேலை செய்யும் பெண்ணிடம் திரும்பி து என்பார். இளவட்டங்களிடம் து கூடிக்கொண்டே வருகிறது.

ஊர் மாறினால் எல்லாம் மாறும். கொலம்பியாவிலேயே மெதெயின், காலி நகரங்களில் நண்பர்களுக்குள் 'வோஸ்', அதுவும் ஒரு 'நீ'தான். கார்த்தஹேனா முதலான கரீபியக் கரையில் கிட்டத்தட்ட எல்லாரிடமும் து. அங்கிருந்து வருபவர்களுக்கு பொகோத்தா பேச்சு ஆரம்பத்தில் விறைப்பாகப் படுமாம். ஸ்பெயினில் கடைக்காரரே து என்பது சாதாரணம். அர்ஜென்டினாவில் வோஸ்தான் ராஜா. ஒருகாலத்தில் ஸ்பெயினில் மதிப்போடு இருந்த சொல்தான் வோஸ். அங்கே அது மதிப்பிழந்து மறைந்தது. ஸ்பெயினோடு நெருங்கிய தொடர்பில் இருந்த மெக்சிகோ, லிமா போன்ற இடங்கள் அதைப் பின்பற்றி துவுக்கு மாறின. எட்டத்தில், அர்ஜென்டினா பக்கம் இருந்த ரியோ தெ லா பிளாத்தா பகுதியில் வோஸ் அப்படியே தங்கிவிட்டது.

புதிதாக இங்கே வருகிறவர்களுக்குச் சொல்ல விரும்புவது: உஸ்தெத்தில் தொடங்குங்கள். யாராவது "தூத்தேஅமே", அதாவது என்னை து என்றே கூப்பிடு என்று சொன்னால் அப்புறம் மாறிக்கொள்ளலாம். அலுவலகங்களில் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருப்பவரை, மருத்துவராக இல்லாவிட்டாலும் 'தொக்தோர்' என்று அழைப்பது வழக்கம், பெண்ணாக இருந்தால் 'தொக்தோரா'. தெருமுனைக் கடைக்காரருக்கு 'வெசி' போதும். அக்கம்பக்கத்தவர் என்று பொருள்படும் வெசீனோவின் சுருக்கம். அவரும் உங்களை வெசி என்றே கூப்பிடுவார்.