மின்னியல் கணக்கில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில், 230 வோல்ட்டில் எரியும் 60 வாட், 100 வாட் குண்டு பல்புகள் இரண்டையும் தொடரிணைப்பில், அதாவது ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக, இணைத்தால் எது பிரகாசமாக எரியும் என்று கேட்டிருந்தார்கள். நான் 100 வாட் என்று எழுதி மதிப்பெண்ணை இழந்தேன். சூத்திரம் தெரியாததால் நேர்ந்த பிழை அன்று அது. இரண்டு சூத்திரங்கள் தெரிந்திருந்ததால் நேர்ந்த குழப்பம். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினாலும் மின்திறன் கிடைக்கிறது. மின்னழுத்த வேறுபாட்டின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தாலும் மின்திறன் கிடைக்கிறது. அப்படியானால் மின்தடை கூடும்போது மின்திறன் கூடுமா, குறையுமா?

விடுமுறையில் அந்தக் கணக்கோடு மூன்று நாள் மல்லுக்கட்டிய பிறகே ஒன்று விளங்கியது. சூத்திரத்தைத் தேடுவதற்கு முன்பு, இந்தச் சுற்றில் எது இரண்டு பல்புகளுக்கும் சமமாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். தொடரிணைப்பில் மின்னோட்டம் சமம். ஒவ்வொன்றும் தனிக் கிளையாக இருக்கும் பக்க இணைப்பில் மின்னழுத்த வேறுபாடு சமம். சமமாக இருக்கும் அளவு எந்தச் சூத்திரத்தில் வருகிறதோ, அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். 230-இன் வர்க்கமான 52,900-ஐ வாட்டால் வகுத்தால், 60 வாட் பல்பின் மின்தடை ஏறத்தாழ 882 ஓம், 100 வாட் பல்பினுடையது 529 ஓம். தொடரில் இரண்டின் வழியாகவும் ஓடுவது ஏறத்தாழ 0.16 ஆம்பியர்தான். ஆகவே சிறிய பல்பு 23 வாட் அளவிலும் பெரியது 14 வாட் அளவிலும் எரியும். (டங்ஸ்டன் இழையின் மின்தடை வெப்பநிலையைப் பொறுத்து மாறும் என்பதால் உண்மைப் பல்புகளில் எண்கள் சற்று விலகும், விடை மாறாது.) வீட்டில் எல்லா மின்சாதனங்களும் பக்க இணைப்பில் இருப்பதால்தான் அங்கே 100 வாட் பல்பு வெல்கிறது, நான் வீட்டு அனுபவத்தைத் தேர்வுத்தாளில் எழுதியிருக்கிறேன்.

பல்பு மின்னோட்டத்தைத் 'தின்றுவிடுகிறது' என்ற எண்ணமும் எனக்கு நெடுநாள் இருந்தது. மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைப் பல்புக்கு முன்பும் பின்பும் இணைத்துப் பார்த்தபோது இரண்டு இடத்திலும் ஒரே அளவைக் காட்டியது. செலவாவது ஆற்றல், மின்னோட்டம் அன்று. பக்க இணைப்புக் கணக்கில் வேறொரு பிழை வழக்கமானது: மின்தடைகளின் தலைகீழிகளைக் (1/R) கூட்டிவிட்டு, கடைசியில் மீண்டும் தலைகீழாக்க மறந்துவிடுவது. மூன்று 6 ஓம் மின்தடைகளுக்கு விடை 2 ஓம். தொகுபயன் மின்தடை, அதாவது எல்லாம் சேர்ந்த மின்தடை, இருப்பவற்றுள் சிறியதைவிடக் குறைவாக இல்லையென்றால் எங்கோ தவறியிருக்கிறீர்கள் என்று பொருள்.

காந்தவியலில் எனக்குப் பாடம் கற்பித்தது ஒரு காந்த ஊசிதான். மின்னோட்டம் ஓடும் கம்பி காந்த ஊசியை விலக்கும் என்று 1820-இல் இயற்பியலாளர் ஏர்ஸ்டெட் கண்டதைச் செய்து பார்க்க, ஊசிக்கு மேலே கம்பியைக் கிழக்கு மேற்காகப் பிடித்து மின்கலத்தோடு இணைத்தேன். ஊசி அசையவில்லை. மின்கலம் தீர்ந்துவிட்டது என்று புதிய மின்கலம் வாங்கியும் பயனில்லை. ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் கம்பியை வடக்கு தெற்காகத் திருப்பினார்; ஊசி உடனே விலகியது. கம்பியைச் சுற்றி உண்டாகும் காந்தப்புலம் கம்பிக்குச் செங்குத்தானது என்பதால், கம்பி கிழக்கு மேற்காக இருக்கையில் அப்புலம் ஊசி ஏற்கெனவே நிற்கும் கோட்டிலேயே அமைந்துவிடுகிறது. ஊசியைப் பக்கவாட்டில் தள்ள எதுவும் இல்லை. இந்தச் சோதனையைச் செய்பவர்கள் கம்பியை ஓரிரு நொடிக்கு மேல் இணைத்து வைக்க வேண்டாம். விரல் சுடும், மின்கலமும் வீணாகும்.

காந்தப்புலத்தின் மாற்றம் கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டும்; ஃபாரடே 1831-இல் கண்ட இந்த மின்காந்தத் தூண்டலில் மாணவர்கள் நழுவவிடும் சொல் 'மாற்றம்'. கம்பிச்சுருளுக்குள் காந்தம் அசையாமல் இருந்தால், எவ்வளவு வலிமையான காந்தமாக இருந்தாலும் சிறு மின்னோட்டத்தையும் காட்டும் கால்வனோமீட்டரின் முள் பூச்சியத்திலேயே நிற்கும். மின்மாற்றி ஏன் நேர்மின்னோட்டத்தில் வேலை செய்யாது என்ற கேள்விக்கும் அதுவே விடை: மாறாத மின்னோட்டத்தின் காந்தப்புலமும் மாறாது.

திசையைக் கண்டறிய உதவும் பிளெமிங்கின் இரு கை விதிகளில், மின்னோட்டம் காரணமாகி இயக்கம் விளைந்தால் இடக்கை, அதாவது மோட்டார். இயக்கம் காரணமாகி மின்னோட்டம் விளைந்தால் வலக்கை, அதாவது மின்னியற்றி. இரண்டிலும் பெருவிரல் இயக்கத்தையும் சுட்டுவிரல் காந்தப்புலத்தையும் நடுவிரல் மின்னோட்டத்தையும் குறிக்கும். தேர்வறையில் வலக்கையில் பேனா இருப்பதால், மின்னியற்றிக் கேள்விக்கும் நம்மை அறியாமல் இடக்கையைத்தான் தூக்குகிறோம். திசை நேர் எதிராக வந்துவிடுகிறது. அந்தக் கேள்வி வந்ததும் நான் பேனாவை மேசைமேல் வைத்துவிடுவேன்.