சுங்கை சிப்புட், மார்ச் மாதம்

மார்ச் 3, திங்கள்
அப்பாவின் இரத்தப் புற்றுநோய்க்கு முதல் அஸாசிடிடின் மருந்து ஊசி, வயிற்றில். ஈப்போவிலிருந்து திரும்பும் வழியில் அப்பா தே ஓ (பாலில்லாத தேநீர்) கேட்டார். நல்ல சகுனம் என்று அம்மா.

மார்ச் 4
குமட்டல். கஞ்சி மட்டும்.

மார்ச் 6
தூக்கம் இல்லை. "மருந்து கெட்ட செல்லைக் கொல்லுதா இல்லையா?" என்று அம்மா கேட்டார். நேரான பதில் என்னிடம் இல்லை. செல் பிரியும்போது டிஎன்ஏவின் பழைய இழையில் மெத்தில் குறி (மரபணுவை அடக்கிவைக்கும் சிறு வேதிக் குறி) இருக்கும், புது இழையில் இருக்காது. அந்த அரைகுறை இடத்தை யூஎச்ஆர்எஃப்1 என்ற புரதம் பிடித்துக்கொண்டு, அருகில் டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் எச்3 புரதத்தில் யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதத்தை ஒட்டுகிறது. அதைப் பற்றிக்கொண்டு டிஎன்எம்டி1 என்ற நொதி வந்து குறியைப் படியெடுக்கிறது. ஒன்று கூப்பிடாவிட்டால் மற்றது வராது.

அப்பாவுக்கு வேறு மாதிரி சொன்னேன். தோட்டத்தில் காலைப் பெரட்டில் மண்டோர் (கங்காணி) பேர் கூப்பிட, கிராணி (கணக்கர்) பழைய செக்ரோலை, அதாவது பேர்ப் பதிவேட்டை, பார்த்துப் புதுசில் எழுதுவாரே, அதுதான்.

"எங்க கிராணி செத்தவன் பேரையும் எழுதுவான்" என்றார்.

அப்பா, அதுதான் உங்கள் நோயே. செல் வளர்ச்சியை நிறுத்தவேண்டிய மரபணுக்களின் வாயை அடைத்த குறிகளையும் டிஎன்எம்டி1 விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 8
இன்று ஊசி இல்லை. ரமலான் சந்தையில் வாங்கிய பொப்பியாவில் இரண்டு சாப்பிட்டார். இரண்டு!

மார்ச் 11
ஏழாவது ஊசி. வயிறெல்லாம் சிவப்புத் திட்டு.

மார்ச் 17
ரத்தத் தட்டணுக்கள் இறங்கிவிட்டன. முதல் சுற்றுகளில் இறங்கும் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய?

மருந்து குறியை அழிப்பதில்லை. அது டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினைப் போலவே இருக்கும்; ஐந்தாம் இடத்தில் கார்பனுக்குப் பதில் நைட்ரஜன், அவ்வளவுதான் வித்தியாசம். டிஎன்ஏவுக்குள் புகுந்த அதைத் தொட்ட டிஎன்எம்டி1 விடுபட முடியாமல் மாட்டிக்கொள்கிறது; செல் அதைச் சிதைத்துவிடுகிறது. அப்புறம் செல் பிரியப் பிரியத்தான் குறி குறையும். ஆறு சுற்றாவது பார்க்கச் சொல்வதில் இதற்கும் பங்குண்டு. அதிலும் மருந்தின் பெரும்பகுதி டிஎன்ஏவுக்குப் போகாமல் ஆர்என்ஏவுக்குப் போய்விடுகிறது. எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 18
அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். நான் வாயே திறக்கவில்லை.

மார்ச் 24
28 நாள் கணக்குப்படி அடுத்த சுற்று 31ஆம் தேதி. பெருநாள் விடுமுறை என்பதால் ஏப்ரல் 2 என்றார்கள். இரண்டு நாள்தானே என்கிறார் மாமா. செல்லோ புது டிஎன்எம்டி1-ஐச் செய்துகொண்டே இருக்கிறது. இரண்டு நாளில் கிராணி எத்தனை பேர் எழுதுவான்?

மார்ச் 25
அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 27, இரவு
காய்ச்சல் 38.4. கைலி, துண்டு, மருத்துவமனைப் புத்தகம் எல்லாம் பையில். அப்பா எதற்கு இவ்வளவு அவசரம் என்கிறார். மாமா காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்