ஏடிசி தேர்வு: பிசிக்ஸ் படித்த நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

கோபி, பொள்ளாச்சி, தாராபுரம் பக்கம் பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்துவிட்டு, அடுத்து பி.எட்.டா பேங்க் எக்ஸாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்திய விமான நிலைய ஆணையத்தின் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் ஏடிசி (ஏர் டிராஃபிக் கன்ட்ரோல், அதாவது விமானங்கள் மோதாமல் வழிநடத்தும்) வேலைக்கு பிசிக்ஸும் மேத்ஸும் படித்த டிகிரி போதுங்க, இன்ஜினியர்களும் எழுதலாம். வயது வரம்பு 27, இட ஒதுக்கீட்டுத் தளர்வு தனி. நான் எழுதியபோது 120 கேள்வி, 2 மணி நேரம், தப்புக்கு மைனஸ் கிடையாது, அதனால் ஒன்றைக்கூட விடாதீர்கள். பாதி மார்க் மேத்ஸுக்கும் பிசிக்ஸுக்கும்.

அந்தப் பாதியை வேலையோடு சேர்த்துப் படியுங்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வெக்டார் பாடத்தையே எடுங்க. கோவை ரன்வேயின் ஒரு முனை 05, இன்னொன்று 23. 23 என்றால் காந்த வடக்கிலிருந்து சுமார் 230 டிகிரி, தென்மேற்கு பார்த்த திசை. எதிர்காற்றில் இறங்கினால்தான் குறைந்த தூரத்தில் நிற்க முடியும், அதனால் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது அவிநாசிப் பக்கமிருந்து வந்து 23-இல் இறங்குவதுதான் வசதி. காற்று 260 டிகிரியிலிருந்து 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் வந்தால் பக்கக்காற்று எவ்வளவு? ரன்வேக்கும் காற்றுக்கும் இடையே 30 டிகிரி, அதனால் 20 பெருக்கல் சைன் 30, ஆக 10 நாட். ஒருமுறை நாமே போட்டுப் பார்த்தால் அப்புறம் மறக்காது.

அழுத்தம் பற்றிய பாடமும் அப்படித்தான். விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தை அளந்துதான் உயரம் காட்டுகிறது, அதை நம்பித்தான் மேலும் கீழும் 1,000 அடி இடைவெளி விடுகிறோம். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி மேலே, 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கி, 14,000 அடியில் எதிரே வந்த சவுதி விமானத்தோடு மோதி 349 பேர் இறந்தார்கள். படிக்கும்போது இந்த விபத்தைத் தேடிப் படியுங்கள், அந்த 1,000 அடியின் மதிப்பு மனதில் பதிந்துவிடும்.

தமிழ் மீடியம் என்று யாரும் பயப்பட வேண்டாம். அலங்கார இங்கிலீஷ் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. கன்ட்ரோலர் சொன்ன உயரத்தை பைலட் அப்படியே திருப்பிச் சொல்வார், நாம் அதைக் காது கொடுத்துக் கேட்டு, தப்பென்றால் உடனே திருத்த வேண்டும். மூன்றை ட்ரீ, ஐந்தை ஃபைஃப், ஒன்பதை நைனர் என்று சொல்வதுகூட இரைச்சலில் எண் மாறிவிடக்கூடாது என்றுதான். டேக்-ஆஃப் என்ற சொல்லையே, கிளம்ப அனுமதி கொடுக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர சொல்ல மாட்டார்கள். 1977-இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில், ரன்வேயிலேயே இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்த பிறகு வந்த கட்டுப்பாடு அது.

எழுத்துத் தேர்வு முடிந்தால் வாய்ஸ் டெஸ்ட் இருக்கிறது. அதற்கு தினமும் ஒரு நண்பரை எண்களும் திசைகளும் வேகமாகச் சொல்லச் சொல்லி, எழுதிக்கொண்டே சத்தமாகத் திருப்பிச் சொல்லுங்கள், திக்காமல் வரும்வரை விடாதீர்கள். பிறகு மனநலப் பரிசோதனை, போதைப்பொருள் பரிசோதனை, மெடிக்கல். செலக்ட் ஆனால் பயிற்சி பிரயாக்ராஜ், ஹைதராபாத், கோண்டியா என்று எங்கே வேண்டுமானாலும் கிடைக்கலாம், வீட்டில் இப்போதே சொல்லி வையுங்க.