அப்பிச்சி கண்ட விளக்கு வரிசை

சென்ற தை மாதத்தில், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீர் விடியற்காலையில் வந்தபோது, மடை மாற்றப் போன அப்பிச்சி, அதாவது என் அம்மாவின் அப்பா, ஏறத்தாழ இருபது விளக்குகள் ஒரே கோட்டில், சிறு ஓசையுமின்றி, வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கிப் போவதைக் கண்டிருக்கிறார். காற்றாலைகளின் சிவப்பு விளக்குகளும், சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து இரவில் கிளம்பும் விமானங்களின் இரைச்சலும் அவருக்குப் பல ஆண்டுப் பழக்கம். இது இரண்டிலும் சேராதது என்று தெரிந்ததும் 100 என்ற எண்ணை அழைத்தார். எதிர்முனையில் கேட்ட ஒரே கேள்வி, "பெரியவரே, குடிச்சிருக்கீங்களா?" என்பதுதான். அப்பிச்சி கள்ளைக்கூடத் தொட்டதில்லை. தென்னந்தோப்புக்காரர் என்பதால் இதை நம்பச் சிலர் தயங்குவதுண்டு.

விடிந்ததும் என்னிடம் வந்தார். வானில் இன்னதென்று தெரியாத ஒன்றை, பறக்கும் தட்டு போன்றதைக் கண்டதாக வரும் புகார்களுக்கென பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு படிவம் வைத்திருந்தது என்பது அப்போது நினைவுக்கு வந்தது. நாள், நேரம், எவ்வளவு நேரம் தெரிந்தது, பார்த்தவர் நின்ற இடம், திசை, அடிவானத்திலிருந்து கோணம், வானிலை, அருகில் மின்கம்பிகளோ நீர்த்தேக்கமோ உண்டா என்றெல்லாம் பொறுமையாகக் கேட்கும் படிவம் அது. அதே வரிசையில் நானும் கேட்டேன். கோணத்துக்கு, "களத்து மேட்டுல நின்னு பார்த்தா ரெண்டு தென்னை உசரம், கண்ணு" என்று விடை வந்தது.

அந்தப் படிவத்தை வைத்திருந்த பிரிவை, 50 ஆண்டுகளுக்கு மேலாக வந்த புகார்களில் ஒன்றுகூட நாட்டுக்கு ஆபத்தைக் காட்டவில்லை என்று காரணம் கூறி, 2009 டிசம்பரில் மூடிவிட்டார்கள். பாதுகாப்புத் துறையின் கணக்கில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் தகவல் சொல்பவர் எல்லோரும் படையெடுப்புக்கு அஞ்சிச் சொல்வதில்லை. தான் கண்டது என்ன என்று அறியவே பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

இத்தகைய தகவல்களை ஆராய அமெரிக்க விமானப்படை நடத்திய 'புளூ புக்' திட்டம், 1969-இல் முடிவுக்கு வந்தபோது, திரண்டிருந்த 12,618 தகவல்களில் 701 விளக்கப்படாமலேயே நின்றன. அந்த 701 குறித்து எழுதித் தீர்த்தவர்கள் ஏராளம். எனக்கோ விளக்கம் கிடைத்தவையே அதிகச் சுவையானவை. 1950-களில் மிக உயரத்தில் பறந்த யூ-2 உளவு விமானத்தைத் தரையிலிருந்து பார்த்துப் பலர் கடிதம் எழுதியதாகவும், உண்மை தெரிந்திருந்தும் இரகசியம் கருதி அதை அவர்களுக்குச் சொல்ல இயலவில்லை என்றும் சி.ஐ.ஏ. தன் வரலாற்றில் பின்னர் எழுதியது. விமானத்தை மறைக்க வேண்டியிருந்தது என்பதை ஏற்கலாம். ஆயினும் வேறு ஏதோ ஒரு காரணத்தைப் பெற்றுக்கொண்ட அந்த மனிதர்கள் அதன்பின் அரசின் சொல்லை எப்படி நம்புவார்கள்?

என் மனத்துக்கு ஒத்த முறை பிரான்சில் இருக்கிறது. அங்கே 1977 முதல் இந்த வேலை படையிடம் இல்லாமல், துலூஸ் நகரிலுள்ள விண்வெளி ஆய்வு மையத்திடம் இருக்கிறது. ஊர்க் காவல்நிலையத்தில் சொன்னால்கூட அது மையத்துக்குப் போய்ச் சேரும். விசாரணைக்குப் பின் ஒவ்வொரு தகவலும் நான்கில் ஒரு வகைக்குள் வைக்கப்படும்: அடையாளம் தெரிந்தது, ஏறக்குறையத் தெரிந்தது, போதிய விவரம் இல்லாதது, முழுதும் ஆராய்ந்தும் விளங்காதது. பார்த்தவர் பெயரை நீக்கிவிட்டு இந்தக் கோப்புகளை 2007 முதல் இணையத்தில் வெளியிடுகிறார்கள். விவரம் போதாமையையும் விளங்காமையையும் தனித்தனியாகப் பிரித்து வைத்ததில்தான் அதன் நேர்மை இருக்கிறது.

நம் நாட்டில் அப்படிக் கேட்டுத் தெளிந்த நிகழ்வே இல்லை என்று சொல்லிவிட முடியாது. லடாக் எல்லையில் நம் வீரர்கள் மாதக்கணக்கில் சீன உளவுக் கருவிகள் என்று ஐயுற்றுக் குறித்து வைத்த ஒளிகளை, இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வல்லுநர்கள் வியாழனும் வெள்ளியும் என்று 2013-இல் கண்டறிந்தார்கள். 2023 நவம்பர் 19-ஆம் தேதி இம்பால் விமான நிலையத்தின் மேல் ஏதோ பறந்ததாகச் சொல்லப்பட்டபோது வான்வெளி சில மணி நேரம் மூடப்பட்டது. ரஃபேல் விமானங்கள் தேடிச் சென்றன. எல்லையிலும் விமான நிலையத்திலும் அரசு உடனே செவி கொடுக்கிறது. வாய்க்கால் மேட்டில் நின்று பேசுபவருக்கு மட்டும் அந்தச் செவி வாய்ப்பதில்லை.

அப்பிச்சி சொன்ன நேரத்தையும் திசையையும் வைத்துப் பார்த்ததில், அது ஏவப்பட்டுச் சில நாட்களே ஆன, இணையச் சேவைக்கான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களின் வரிசை என்று ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. பிரெஞ்சுக் கணக்கில் இரண்டாம் வகை. தரையில் இன்னும் இருட்டாக இருக்கையில் உயரத்திலுள்ள அவற்றின் மேல் வெயில் பட்டுத் தெறிப்பதால்தான் விடிவதற்கு முன்னும் அந்தி சாய்ந்த பின்னும் அவை தெரிகின்றன என்பதை, டார்ச் விளக்கையும் ஒரு தேங்காயையும் வைத்து விளக்கினேன். அவர் தேங்காயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதை அன்னைக்கே போன்ல சொல்லியிருந்தா, மடையத் திருப்பீட்டு நானும் வந்து படுத்திருப்பேன்."