காவ்காவ் ஆங்கிலத் தேர்வு: 50 மதிப்பெண் காம்ப்ரிஹென்ஷனைத் தாண்டிய அனுபவம்

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஜூன் கடைசியில் காவ்காவ், அதாவது சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வு, முடிவு வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அவளும் அவள் அம்மாவும் ஆசைப்பட்டதைவிடக் கொஞ்சம் கூடவே வாங்கியிருக்கிறாள். எனக்கும் பெரிய நிம்மதி. ஆனாலும் அவளை முதலில் சேர்த்துவிட்ட பயிற்சி மையத்தின் மேல் இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. மேல்நிலைப் பள்ளியின் கடைசி வருடத்தில் பாதியை அவர்கள் வீணடித்தார்கள். சீனாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் நம்மவர்களுக்கும், சீனக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் பிள்ளைகளை இந்தத் தேர்வுக்கு அனுப்பப்போகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஜியாங்சு மாகாணம், சூஜோவில். 2021 முதல் இங்கே ‘புதிய காவ்காவ்’ முதலாம் தேசியத் தாள்தான். ஆங்கிலத்துக்கு மொத்தம் 150 மதிப்பெண். அதில் வாசிப்புக்கு மட்டும் 50. ஏ, பி, சி, டி என்று நான்கு பாஸேஜ், 15 கேள்வி. அப்புறம் ஏழு வாக்கியங்களில் ஐந்தைப் பொறுக்கி இடைவெளி நிரப்பும் பகுதி, 5 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மதிப்பெண். நாலு கேள்வி தப்பினால் பத்து போச்சு. இந்த மாகாணத்தில் ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் முன்னே போய்விடுவார்கள்.

பயிற்சி மையம் என்ன சொல்லிக்கொடுத்தது தெரியுமா? ஒரு பாட்டு. “மூன்று நீளம், ஒன்று குட்டை என்றால் குட்டையைப் போடு, மூன்று குட்டை, ஒன்று நீளம் என்றால் நீளத்தைப் போடு.” சீனப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டாகச் சொல்லித் திரிகிற பாட்டு அது. அதைக் காசு வாங்கிக்கொண்டு ‘உத்தி’ என்று நடத்தியிருக்கிறார்கள். ‘ஆல்வேஸ்’, ‘ஒன்லி’ இருக்கும் ஆப்ஷனைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடு என்பது அடுத்த பாடம். பாஸேஜைப் படிக்காமலே விடை போடுவது எப்படி என்பதற்குத்தான் அத்தனை வகுப்பும்.

மாதிரித் தேர்வில் மதிப்பெண் அப்படியே நின்றது. ஒரு கேள்விக்கு ஏன் ‘சி’தான் விடை என்று அவளுக்கு விளங்கவில்லை. அவர்கள் கொடுத்த விடைப் பட்டியலில் (கீ) வெறும் எழுத்துதான், ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது. அவள் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்பதால் நானும் கூடப் போனேன். சனிக்கிழமை, மெட்ரோவில் ஊரின் மறுகோடிக்கு. முன்மேசையில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆசிரியர் வகுப்பில் இருக்கிறார், வீசாட் செயலியில் செய்தி அனுப்பிக் கேளுங்கள் என்றாள். காத்திருந்தோம். கடைசியில் வந்த ஆசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, “விடை சி. கீயில் அப்படித்தான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். மீதிப் பணத்தையாவது கொடுங்கள் என்று அம்மா கேட்டதற்கு, வகுப்பு தொடங்கிவிட்டால் ரீஃபண்ட் இல்லை என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். எழுத்துகள் அவ்வளவு பொடிசு. சேர்க்கும் முன்னால் அந்தப் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

அன்றைக்கு ரயிலிலேயே அந்தக் கேள்வியை எடுத்து உட்கார்ந்தோம். ஒரு சின்ன ஊரில் வயதான அம்மா ஒருவர் புத்தகக் கடை திறக்கிறார். ஏன் திறந்தார் என்பது கேள்வி. இவள் போட்டது பி: அவருக்குப் புத்தகம் பிடிக்கும். மற்ற மூன்றையும்விட அதுதான் குட்டை. கேட்டால், “புத்தகம் பிடிக்காதவர் புத்தகக் கடை வைப்பாரா, ஆயீ?” என்கிறாள் (சீனத்தில் ‘ஆயீ’ என்றால் ஆன்ட்டி). நியாயமான பேச்சுதான். ஆனால் எந்த வரியில் அப்படி எழுதியிருக்கிறது, விரலை வைத்துக் காட்டு என்றேன். தேடித் தேடிப் பார்த்தாள், இல்லை. இருந்ததெல்லாம் வேறு: பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை பிள்ளைகள் பூட்டிக் கிடந்த வங்கியின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள், அந்த அம்மா அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். சி ஆப்ஷனில் வங்கியும் இல்லை, படிக்கட்டும் இல்லை. ‘பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்கு ஓர் இடம்’ என்று இருந்தது. அவள் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே!

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரே சட்டம்தான். விடைக்குப் பக்கத்தில் வரி எண்ணை எழுத வேண்டும். வரி எண் இல்லாத விடை, சரியாகவே இருந்தாலும், செல்லாது. என் விசாவில் வேலை பார்க்கக் கூடாது, அதனால் காசுப் பேச்சே இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் சமையலறை மேசையில் ஒரு நாளைக்கு ஒரு பாஸேஜ். முதலில் அழுகை வராத குறை. ஒரு பாஸேஜுக்கு அரை மணி நேரம் ஆனது. வசந்த விழா (சீனப் புத்தாண்டு) விடுமுறை முடிவதற்குள் வேகம் தானாகவே கூடிவிட்டது.

தப்பான ஆப்ஷனை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துப் பழகினால் பாதிப் பயம் போய்விடும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் தலையில் கட்டியிருப்பார்கள். அறுபது வயதைத் தாண்டிய சிலரிடம் செய்த சின்னச் சோதனையை ‘மக்கள் எல்லோரும்’ என்று விரித்திருப்பார்கள். உலகத்துக்கே தெரிந்த உண்மையாக இருக்கும், ஆனால் பாஸேஜில் இருக்காது. இதில் கடைசி வகைதான் கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கவிழ்ப்பது. பாஸேஜில் உள்ள சொல்லை அச்சு அசலாகத் தூக்கி வந்து வைத்திருக்கும் ஆப்ஷனையும் சந்தேகத்தோடு பாருங்கள். சரியான விடை பெரும்பாலும் வேறு சொற்களில்தான் வரும்.

ஏ பாஸேஜ் விளம்பரம், அறிவிப்பு மாதிரி இருக்கும். கேள்வியைப் படித்துவிட்டு நேரே தேடினால் போதும். பியும் சியும் நிதானமாகப் படிக்க வேண்டியவை. டி பெரும்பாலும் ஏதாவது ஆராய்ச்சி பற்றியது, அதுதான் தலைவலி. வெளிநாட்டுப் பத்திரிகைக் கட்டுரைகளை எடுத்துச் சுருக்கித்தான் போடுகிறார்கள். பாடத்திட்டத்தின் சொற்பட்டியல் சுமார் 3000. அதைத் தாண்டிய சொல் சிலவற்றுக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் சீன அர்த்தம் இருக்கும். அர்த்தம் கொடுக்காத புதுச் சொல்லைக் கண்டு நின்றுவிடக் கூடாது. கேள்வி அதைப் பற்றி இல்லையென்றால் தாண்டிப் போகலாம். கேள்வியே அதுதான் என்றால் முன்பின் வாக்கியத்தில் ‘பட்’, ‘ஹவ்எவர்’, ‘ஃபார் எக்ஸாம்பிள்’ எதாவது நிற்கிறதா என்று பாருங்கள். விவரக் கேள்விகள் பெரும்பாலும் பாஸேஜின் வரிசையிலேயே வரும். தலைப்பு, மையக்கருத்து கேட்டால் அதைக் கடைசியில் போடுவது நல்லது. அதற்குள் மொத்தமும் மனதில் உட்கார்ந்திருக்கும்.

ஏழில் ஐந்து பகுதியில் அவள் தொடர்ந்து தப்பு செய்துகொண்டிருந்தாள். ஒன்று தவறினால் அது இன்னொன்றின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆப்ஷனில் ‘தே’, ‘திஸ்’, ‘இட்’ இருந்தால், அது யாரைக் குறிக்கிறது என்று முந்தின வாக்கியத்தில் கண்டுபிடித்த பிறகே எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். நிச்சயமானதை முதலில், பத்தித் தலைப்பைப் போல நிற்பதை அடுத்து, சந்தேகத்தைக் கடைசியில். முடிந்ததும் இடைவெளிகளை நிரப்பி முழுவதையும் ஒருமுறை படித்துவிட வேண்டும். தடுக்குகிற இடம் காதுக்கே தெரிந்துவிடும்.

விடை அட்டை பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேயும் ஒரு அடி வாங்கினோம். 2பி பென்சிலால் கட்டத்தை நிரப்ப வேண்டும், எந்திரம்தான் திருத்தும். மாதிரித் தேர்வில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததைத் தொடர்ந்தவள், அட்டையில் மட்டும் அந்தக் கட்டத்தை விடவில்லை. அங்கிருந்து எல்லாம் ஒரு படி நகர்ந்துவிட்டது. தாளில் சரி, அட்டையில் தப்பு. எல்லாவற்றையும் முடித்துவிட்டு மொத்தமாக நிரப்புவதும் ஆபத்து, நேரம் போய்விடும். ஒரு பாஸேஜ் முடிந்ததும் அந்தப் பாஸேஜின் கட்டங்கள், அதுதான் பாதுகாப்பு. தேர்வு 3 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடியும். முதல் இருபது நிமிடம் கேட்டலுக்குப் போகும், எழுத்துப் பகுதிக்கு 40 மதிப்பெண் காத்திருக்கும். வாசிப்புக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

ஜூன் 8 மதியம் சிக்கல் எதுவும் இல்லை. கேட்டல் பகுதி இருப்பதால் 2.45-க்கு மேல் உள்ளே விடமாட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வெளியே வந்தவள் முதலில் சொன்னது, “டி பாஸேஜில் நாலுக்கும் வரி காட்ட முடிந்தது, ஆயீ” என்பதுதான்.

அவள் தம்பி அடுத்த வருடம் மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறான். அதே மையத்திலிருந்து சலுகை என்று அவன் அம்மாவுக்குச் செய்தி வந்திருக்கிறது. பழைய தேர்வுத்தாள் தொகுப்பு எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். ஒவ்வொரு ஆப்ஷனும் ஏன் தப்பு என்று விளக்கம் இருக்கிறதா என்று நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்து வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வெறும் எழுத்து மட்டும் இருந்தால் அங்கேயே வைத்துவிடலாம்.