பாம்டேல் நாட்குறிப்பு: அப்பா, யேகர், 333 ஓட்டு

நவம்பர் 5, 2020, வியாழன்

அமெரிக்க ஜனாதிபதி தேர்தல் ஓட்டை இன்னும் எண்ணிக்கிட்டே இருக்காங்க. ரெண்டு மாசம்னு சொல்லி இந்தியாலேர்ந்து பிப்ரவரில கலிஃபோர்னியா பாம்டேலுக்கு எங்க வீட்டுக்கு வந்த அப்பா, இந்த ஊர்ல ஓட்டே கிடையாது, ராத்திரி மூணு மணி வரைக்கும் போனை நெஞ்சு மேல வச்சுக்கிட்டு ஹால்லயே படுத்திருந்தார். காலைல இட்லிச் சட்டியத் திறக்கறதுக்குள்ள பென்சில்வேனியால எவ்வளவு பாக்கின்னு சொல்லிட்டார்.

நவம்பர் 7, சனி

பைடன் ஜெயிச்சார்னு அறிவிச்சுட்டாங்க. ட்ரம்ப் பக்கம் நின்ன அப்பா மத்தியானம் சாப்பிடலை.

நவம்பர் 15, ஞாயிறு

விசா எக்ஸ்டென்ஷனுக்கு இன்னும் பதில் இல்லை. அம்மா போன் பண்ணி, "அவர்கிட்ட பேசவே முடியலடா, எப்பப் பாரு சர்வர் சர்வர்ங்கறார், எந்த ஹோட்டல் சர்வரு?"ன்னு கேக்கறாங்க. ஜெர்மனில ஃபிராங்க்ஃபர்ட்ல அமெரிக்க ராணுவம் புகுந்து ட்ரம்ப்போட ஓட்டைத் திருடின கம்ப்யூட்டர் சர்வரைத் தூக்கிட்டு வந்துட்டாங்களாம், அந்தக் கதை. நான் சிரிச்சுட்டேன், அம்மா சிரிக்கலை.

கொஞ்ச நேரமாவது போன்லேர்ந்து பிரிக்கலாம்னு லங்காஸ்டர் பவுல்வர்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். டெஸ்ட் பைலட்டுங்களுக்கு ரோட்டோரமா கல்லு நட்டு வச்சிருக்காங்கல்ல, அங்க. கிளம்பறதுக்கு முன்னாடி வழக்கம்போல டார்ச் அடிச்சு நாலு டயரையும் பாத்து, காத்து எவ்வளவுன்னு அவரோட குட்டி நோட்டுல எழுதி கையெழுத்துப் போட்டார். இந்திய ஏர்ஃபோர்ஸ்ல பிளேன் பாடிய ரிப்பேர் பாக்கற ஏர்ஃப்ரேம் ஃபிட்டரா இருந்தவர். பிளேன் பராமரிப்பு ரெஜிஸ்டர் எஃப் 700ல கையெழுத்துப் போடாம பைலட் பிளேனைத் தொட மாட்டான், கண்ணால பாக்காததுக்கு நான் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லைன்னு எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து சொல்றார்.

ஒலி வேகத்தை முதல்ல தாண்டின அமெரிக்க பைலட் சக் யேகர் கல்லுக்கு முன்னாடி மாஸ்க்கை இறக்கிட்டு நின்னுக்கிட்டே இருந்தார். அப்புறம் கதை. 1947 அக்டோபர் 14, பி-29 குண்டுவீச்சு விமானத்தோட வயித்துலேர்ந்து யேகரோட எக்ஸ்-1 ராக்கெட் பிளேனைக் கீழ விட்டாங்க, வேகம் காட்டற மாக் மீட்டர்ல ஒலி வேகம், அதாவது 1.0 வரைக்கும்தான் கோடு, முள்ளு அதைத் தாண்டிப் போயிடுச்சு. ரெண்டு நாள் முன்னாடி குதிரைலேர்ந்து விழுந்து ரெண்டு விலா எலும்பு உடைஞ்சிருக்கு, கதவைச் சாத்த கைல பலம் இல்ல, கூட்டாளி ரிட்லி தொடப்பக்கட்டைய அறுத்துக் குடுத்தார், அதை நெம்புகோலா வச்சு இழுத்துச் சாத்தினாராம். இந்தத் தொடப்பக்கட்டை கதைய நூறு தடவை கேட்டாச்சு. ஆனா எலும்பு உடைஞ்சதை ஏர்ஃபோர்ஸ் டாக்டர்கிட்ட மறைச்சார்ல, அது எஃப் 700ல பொய் எழுதற மாதிரிதானேப்பான்னு இன்னிக்குத்தான் கேட்டேன். "பிளேன் வேற, மனுஷன் வேற"ன்னார். வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை.

நவம்பர் 19, வியாழன்

டிவில ட்ரம்ப்போட வக்கீல் ஜூலியானி கன்னத்துல கருப்பா ஏதோ வழியுது, பக்கத்துல இன்னொரு வக்கீலம்மா, வெனிசுவேலாவோட பழைய ஜனாதிபதி சாவேஸ்தான் ஓட்டு மிஷின் சாஃப்ட்வேரைப் பண்ண வச்சார்னு சொல்றாங்க. சாவேஸ் செத்து ஏழு வருஷம் ஆச்சு. ஜார்ஜியால சுமார் 50 லட்சம் சீட்டை கையாலயே திரும்ப எண்ணி இன்னிக்கு ராத்திரி முடிவு சொல்லிட்டாங்க, பைடன் 12,000 சொச்சம் முன்னாடி. கையால எண்ணினாங்கப்பா, மிஷினே இல்லன்னேன். "யார் கை?"ன்னார்.

நவம்பர் 22, ஞாயிறு

வேணும்னே வம்புக்கு இழுத்தேன். யேகருக்கு முன்னாடியே ஜார்ஜ் வெல்ச்னு ஒரு டெஸ்ட் பைலட் எக்ஸ்பி-86 ஜெட்ல டைவ் அடிச்சு ஒலியத் தாண்டிட்டார், அதை மறைச்சுட்டாங்கன்னு ஒரு கூட்டம் சொல்லுதேப்பான்னு. அப்பா சேர்லேர்ந்து எழுந்துட்டார். "இன்ஸ்ட்ருமென்ட் ரெக்கார்ட் இருக்கா? சத்தம் கேட்டுச்சுன்னு நாலு பேர் சொன்னா போதுமா? டேட்டா எங்கடா?" முகமெல்லாம் செவந்துபோச்சு. அப்ப அந்த ஃபிராங்க்ஃபர்ட் சர்வருக்கு டேட்டா எங்கன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, பொண்டாட்டி கிச்சன்லேர்ந்து முறைச்சா, விட்டுட்டேன்.

ராத்திரி அவரே ரூம் வாசல்ல வந்து நின்னார். "யேகர் பண்ணினதை மறுவருஷம் ஜூன் வரைக்கும் கவர்மென்ட் ஒத்துக்கலை தெரியுமில்ல, எட்டு மாசம் மறைச்சாங்க, இதையும் மறைப்பாங்க." ரெண்டே மாசத்துல டிசம்பர்லயே பத்திரிகைல வந்துடுச்சேப்பான்னேன். லைட்டை அணைச்சுட்டுப் போயிட்டார். படுத்துக்கிட்டு யோசிச்சா அவர் சொன்னதுல பாதி நிஜம்தான், மறைச்சாங்கதான். அதுதான் தூக்கம் வரலை.

நவம்பர் 26

சுகர் 240. மாத்திரையப் பத்தியும் ஏதோ வீடியோ பாத்திருக்கார் போல.

நவம்பர் 30, திங்கள்

எங்க பாராளுமன்றத் தொகுதி முடிவு. மைக் கார்சியா, ட்ரம்ப் கட்சி, நேவில எஃப்-18 ஓட்டினவர், அப்பாவுக்கு ரொம்ப இஷ்டம், 333 ஓட்டுல ஜெயிச்சுட்டார். எதிர்ல நின்ன அம்மா இன்னிக்கு ஒத்துக்கிட்டாங்க. அப்பா கேசரி கிண்டச் சொன்னார். ஸ்மார்ட்மேட்டிக்னு ஒரு ஓட்டு மிஷின் கம்பெனியச் சொல்லிச் சொல்லித் திட்டறாரே, அது இந்தத் தேர்தல்ல நாடு மொத்தத்துலயும் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டில மட்டும்தான், அதாவது நம்ம பாம்டேல்ல இருக்கற ஓட்டுச்சாவடில. அதே மிஷின், அதே சீட்டு. அதுல 333 சரி, மேல இருக்கற ஜனாதிபதி பேரு மட்டும் திருட்டா? இதைச் சொல்லல. கேசரி சாப்பிட்டேன். ஒரு ஸ்பூனுக்கு மேல வேணாம்ப்பான்னு மட்டும் சொன்னேன், அதுக்கே கோவம்.

டிசம்பர் 7, திங்கள்

ராத்திரி நியூஸ் பாத்துட்டு முதல்ல போனை ஒளிச்சு வைக்கலாமான்னு நினைச்சேன். யேகர் போயிட்டார். 97 வயசு. அவர் மனைவியே ட்விட்டர்ல போட்டிருக்காங்க.

நான் சொல்லும்போது அப்பா பல் செட்டைக் கழட்டி கைல வச்சிருந்தார். "யார் சொன்னா?"ன்னார். ஒரு செகண்ட் இதையும் நம்ப மாட்டாரோன்னு பயந்தே போயிட்டேன். காட்டினேன். கண்ணாடியப் போட்டு ரெண்டு தடவை படிச்சார். அப்புறம் 71 பாகிஸ்தான் போரை ஆரம்பிச்சார். டிசம்பர்ல நம்ம ஹன்டர் ஜெட்டுங்க பதான்கோட்லேர்ந்து போய் பாகிஸ்தான்ல சக்லாலா ஏர்ஃபீல்டுல அடிச்சதுல தரைல நின்ன, யேகருக்கு அமெரிக்க அரசாங்கம் குடுத்திருந்த பீச்கிராஃப்ட் பிளேன் பொசுங்கிடுச்சு, அவர் அப்ப இஸ்லாமாபாத்ல அமெரிக்காவோட ராணுவப் பிரதிநிதி, கடைசி வரைக்கும் நம்ம மேல அந்தக் கோவம் போகலை. அடிச்சவர் அருண் பிரகாஷ், பின்னாடி நேவி சீஃப்பா வந்தவர். அந்த ஹன்டருக்கு டயர் மாத்தினது நான்தான்ங்கறது அப்பாவோட பங்கு. சின்ன வயசுல நான் கேட்ட கதைல அவர் காத்து மட்டும்தான் அடிச்சார். வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் வளருது, நானும் திருத்தினதில்லை.

"என் பிளேனை எரிச்சவன்னு என்னைத் திட்டியிருப்பான்டா"ன்னு சொல்லிட்டு அழுதார். அம்மாவோட ஆஞ்சியோ அன்னிக்குக்கூட அழாத மனுஷன்.

டிசம்பர் 8

போனையே தொடலை. பாப்பாவுக்கு பேப்பர்ல ஆரஞ்சு கலர் எக்ஸ்-1 செஞ்சு குடுத்தார்.

டிசம்பர் 11, வெள்ளி

தேர்தல் முடிவை எதிர்த்து டெக்சாஸ் போட்ட கேஸை சுப்ரீம் கோர்ட் எடுத்துக்கவே மாட்டேன்னுடுச்சு. ஒம்பது பேர்ல மூணு பேரை ட்ரம்ப்தான் போட்டார். "அவங்களையும் வாங்கிட்டாங்க." திரும்ப ஆரம்பிச்சாச்சு.

டிசம்பர் 19

நோட்டுல டயர் காத்துக்குக் கீழயே மிச்சிகன்ல ஏதோ ஒரு ஊரோட பேர், பக்கத்துல ஓட்டு நம்பரு, அதுக்குக் கீழ கையெழுத்து. ஒண்ணும் கேக்கலை. இருந்த இடத்துலயே வச்சுட்டேன்.

ஜனவரி 6, 2021, புதன்

காலைல பதினொண்ணு இருக்கும், மீட்டிங்ல இருக்கேன், "தம்பி இங்க வா"ன்னு கூப்பிட்டார். ட்ரம்ப் கூட்டம் வாஷிங்டன்ல பாராளுமன்றக் கண்ணாடிய உடைச்சு உள்ள போறாங்க. "இவங்க நம்மாளுங்க இல்லடா, வேஷம் போட்டு வந்தவனுங்க"ன்னார். நம்மாளுங்களா, யாருப்பா நம்மாளுங்கன்னு கத்திட்டேன், பாப்பா அழுதுட்டா. சாயங்காலம் வரைக்கும் ரூம் கதவு சாத்தியே இருந்துச்சு. ராத்திரி ஜன்னல் வழியாப் பாத்தா வெளிய குளிர்ல கார் டயருக்கு டார்ச் அடிச்சுக்கிட்டு நிக்கறார். எங்கயும் போற வேலை இல்லை.

ஜனவரி 7

அந்த 333 ஓட்டுக்காரரும் பைடன் ஜெயிச்ச அரிசோனா, பென்சில்வேனியா ரெண்டு மாநில முடிவையும் ஏத்துக்கக் கூடாதுன்னு ஓட்டுப் போட்டிருக்கார்.

ஜனவரி 8, வெள்ளி

டிக்கெட் கிடைச்சிடுச்சு, 16ஆம் தேதி, டெல்லி வழியா. ஏறறதுக்கு முன்னாடி 72 மணி நேரத்துக்குள்ள கோவிட் டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் ரிப்போர்ட் வச்சுக்கச் சொல்றாங்க. அந்த டெஸ்டே பொய்ங்கறார். அம்மாகிட்ட இன்னும் சொல்லலை, நாளைக்குச் சொல்லணும்.