தக்கலைக்காரி காட்டும் டெல்ஃப்ட்

நெதர்லாந்துக்குக் குடிவருகிறவர்கள் நகராட்சியில் பெயரைப் பதிந்து, பேங்கில் கணக்குத் தொடங்கி, வாடகை வீட்டுக்கு அலைந்து முடித்ததும் செய்கிற அடுத்த காரியம் பழைய சைக்கிள் ஒன்று வாங்குவது. டெல்ஃப்ட் மாதிரிச் சின்ன ஊரில் கார் வைத்திருப்பவர்தான் படாத பாடு படுவார். இந்த நாட்டில் ஆட்களைவிட சைக்கிள் அதிகம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ரயில் நிலையத்துக்கு அடியில் இருக்கிற சைக்கிள் நிறுத்தத்தில் நம் வண்டியை எங்கே விட்டோம் என்று தேடும்போதுதான் அந்தக் கணக்கு உறைக்கும்.

என் கணவருக்கு இங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. அவர் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள் நான். அப்படித் துணையாக வருகிறவர்கள் தனியாக அனுமதி வாங்காமலே வேலை பார்க்கலாம் என்பது இங்கே சட்டம். சரி, டச்சு தெரியாதவளுக்கு யார் வேலை தருவார்கள்? டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும். குமரி மாவட்டத்துத் தக்கலைச் சந்தை இரைச்சலில் வளர்ந்தவளுக்கு அந்த அமைதி ஒத்துக்கொள்ளவில்லை. சைக்கிள் வாங்கிய விஷயத்தை அம்மாவிடம் போனில் சொன்னேன். “ஏரோப்ளேன் ஏறிப் போயி அங்கயும் சைக்கிளா மக்களே சவுட்டுத?” என்றாள்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நம் பக்கத்தில் பிளஸ் ஒன் சேர்ந்ததும் அரசாங்கம் சைக்கிள் கொடுக்கிறது. பிளஸ் டூ முடிந்ததும் அது வீட்டுப் பின்புறம் விறகுக்குப் பக்கத்தில் சாய்ந்துவிடும். அதன்பிறகு ஸ்கூட்டிதான். வேலைக்குப் போகிற பெண் சைக்கிளில் போனால் வீட்டில் ஏதோ கஷ்டம் என்று தெருவே முடிவுகட்டிவிடும். இங்கே கணவரின் பேராசிரியர் கோட்டும் சூட்டுமாக மழையில் நனைந்துகொண்டு சைக்கிளில் வருகிறார். மார்க் ருட்டே பிரதமராக இருந்தபோது அலுவலகத்துக்கு சைக்கிளில் போவது வழக்கம்.

ஓட்டத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டு வருவோம். ஆனால் இங்கே பழைய வண்டிகள் பலவற்றில் ஹேண்டிலில் பிரேக் இருக்காது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் வண்டி நிற்கும். கேட்ட உடனே தலைக்குப் புரிந்துவிடும், காலுக்குப் புரிய நாளாகும். ஊரில் சைக்கிளை நிறுத்தியதும் பெடலைக் கால்விரலால் பின்னுக்குச் சுழற்றி மேலே கொண்டுவந்து வைத்துக்கொள்வோம், கிளம்பும்போது ஓங்கி மிதிக்கலாமே என்று. இந்த வண்டியில் அப்படிச் சுழற்றப் போனால் பூட்டிக்கொள்ளும். சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கி, பெடலை முன்னுக்குச் சுற்றிக்கொள்ள வேண்டும். பழகியவர்கள் நிற்கும்போதே வலது பெடல் மேலே இருக்கிற கணக்கில் நிறுத்திவிடுகிறார்கள்.

அப்புறம் சாலை விதிகள். எல்லாரும் வலது பக்கம் போகிறார்கள். சிவப்புத் தார் போட்ட பாதை சைக்கிளுக்கு உரியது. தரையில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக வரைந்திருக்கும். அவற்றின் கூர்முனை நம்மைப் பார்த்து இருந்தால் நாம் நின்று வழிவிட வேண்டும். ஒன்றுமே வரையாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு முன்னுரிமை. திரும்புமுன் கையை நீட்ட வேண்டும். இருட்டினால் முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கு, பின்னால் சிவப்பு. 2019இலிருந்து போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினாலும் அபராதம். ஹெல்மெட் மட்டும் யாரும் கேட்பதில்லை. இதெல்லாம் தானாக வந்த சௌகரியம் இல்லை. 1970களில் கார் மோதிக் குழந்தைகள் சாவது பொறுக்காமல் பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1980களில் ஊர் முழுக்க இணைகிற சைக்கிள் பாதை வலையை டெல்ஃப்ட் போட்டது. இன்று நான் அனுபவிப்பது அதைத்தான்.

சைக்கிள் சுற்றுலா என்று ஒன்று இருப்பதை மொழி வகுப்பில் கூடப் படித்தவள் சொன்னாள். ஊரிலேயே இருந்துகொண்டு சுற்றுலாப் போவதா என்று முதலில் சிரிப்பாக இருந்தது. போன பிறகு தெரிந்தது, அதுவரை சூப்பர்மார்க்கெட்டுக்கும் வகுப்புக்கும் போய்வந்தேனே தவிர, ஊரைப் பார்த்திருக்கவில்லை. பெரிய சதுக்கத்தில் புதிய தேவாலயத்தின் முன் கிளம்புவார்கள். அதன் கோபுரம் நூறு மீட்டருக்கு மேல். உள்ளே ஆரஞ்சு வில்லியமின் கல்லறை. ஸ்பெயினை எதிர்த்து நின்ற அவரை 1584இல் இதே ஊரில் அவருடைய மாளிகையிலேயே சுட்டுக் கொன்றார்கள். சுவரில் குண்டு பட்ட ஓட்டைகளை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அடுத்து பழைய தேவாலயம். பழைய கால்வாய் ஒன்றைத் தூர்த்த மண்மேல் கோபுரத்தைக் கட்டியதால் அது சாய்ந்து நிற்கிறது, உச்சியில் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் சாய்வு. ஓவியர் வெர்மீரை அங்கேதான் புதைத்திருக்கிறார்கள். 1654இல் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து ஊரில் ஒரு பகுதியே தரைமட்டமான கதையும் உண்டு. பிறகு ஸ்கீ கால்வாயை ஒட்டி வெளியே போனால் பத்து நிமிடத்தில் பசுக்கள் மேய்கிற புல்வெளி.

பஸ்ஸில் போனால் இந்தச் சந்துகளுக்குள் நுழைய முடியாது. நடந்தால் புல்வெளி வருவதற்குள் கால் ஓய்ந்துவிடும். அங்கே ஓடை, மதகு, நீர் இறைக்கும் நிலையம் எல்லாம் பார்க்கலாம். நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே கிடப்பதால் தண்ணீரை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். 1289இலேயே இதற்கென்று ஒரு நீர் வாரியம் இங்கே இருந்திருக்கிறது. எனக்கோ பேச்சிப்பாறைத் தண்ணீர் சானல் சானலாகப் பிரிந்து வயலுக்கு வருவதுதான் பழக்கம். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் பறளியாற்றுக்கு மேலே நூறடிக்கும் அதிக உயரத்தில் தண்ணீரைக் கொண்டுபோகிற ஊர்க்காரி, தண்ணீரை விரட்டுகிற ஊரில் வந்து குடியிருக்கிறேன்.

காற்றைப் பற்றிப் புலம்பாத வெளிநாட்டவர் இங்கே இல்லை. மேடே இல்லாத நாட்டில் எதிர்காற்றுதான் மேடு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்றில் போய்ப் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்வேன். முப்பந்தல் காற்றாலைகளின் போட்டோவையும் காட்டுவேன். காற்றாலை தங்களுடைய சொத்து என்றே இவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என்னை உறுத்தியது ஒரே ஒரு நிறுத்தம். பழைய டெல்ஃப்ட் கால்வாய்க்கரையில் கிழக்கிந்திய மாளிகை இருக்கிறது. 1602இல் தொடங்கிய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு ஊர்களில் கிளைகள் இருந்தன, அதில் டெல்ஃப்ட்டும் ஒன்று. வழிகாட்டி சைக்கிளை நிறுத்தாமலே, “இங்கிருந்து மசாலா வியாபாரம் நடந்தது” என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்விட்டார். டெல்ஃப்டின் பேர்போன நீலப் பீங்கானுக்குக் கால்மணி நேரம், இதற்கு ஒரு வரி!

மதிய இடைவேளையில் அவரிடம் போய்ச் சொன்னேன். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. அதற்குள் உங்கள் கம்பெனி கேப்டன் ஒருவரின் கல்லறை இருக்கிறது. மிளகுக்காக வந்த உங்கள் படையை 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். பிடிபட்ட டி லனாய் என்ற கேப்டன் பிறகு அந்த மன்னரிடமே வேலைக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, கோட்டைகளைச் சீரமைத்து, ‘வலிய கப்பித்தான்’ என்று பேரெடுத்து, 1777இல் உதயகிரியிலேயே இறந்துபோனார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சாண்ட்விச்சைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டவர், அடுத்த வாரம் அந்த இடத்தில் நிறுத்துகிறேன், நீங்களே சொல்கிறீர்களா என்று கேட்டார்.

இப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. வாரக்கடைசி வேலைதான், சம்பளமும் பெரிதில்லை. ஆனால் டச்சு என் வாயில் வந்தது வகுப்பில் இல்லை, இந்த வேலையில்தான். கதை சொல்வது இதில் பாதி. மீதி, ஆட்களை மேய்ப்பது. சிக்னலில் கூட்டம் இரண்டாக உடைந்தால் முன்னால் போனவர்கள் சந்திப்பைத் தாண்டி ஓரமாக நிற்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் வழிகாட்டிக்கு அடுத்து வருகிறவர் அங்கேயே நின்று கை காட்டுவார், கடைசி ஆள் கடந்த பிறகுதான் அவர் நகரலாம். பஞ்சர் ஒட்டத் தெரிய வேண்டும். சதுக்கத்துக் கருங்கல் தரையில் சக்கரம் தடதடக்கும்போது பேசிப் பயனில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அது நம் பேச்சைக் கேட்பவர்கள் பக்கம் கொண்டுபோகிற மாதிரி அவர்களை நிறுத்திவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

டச்சுக்காரர்கள் குளச்சல் கதையைக் கேட்டு முகம் சுளிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. பெரும்பாலும் வெட்கப்பட்ட மாதிரி சிரிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவே இல்லை என்கிறார்கள். வயதான ஒருவர் மட்டும், தோற்ற சண்டையை எந்த நாட்டுப் பாடப்புத்தகம்தான் போடும் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

குளிர்காலத்தில் சுற்றுலாக் கூட்டம் குறைந்துவிடும். அந்தச் சமயம் பார்த்து கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனோம். தெருவெல்லாம் காகித நட்சத்திரம், வீட்டு முற்றங்களில் குடில். சித்தி மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள். “அக்கா, அங்க வெள்ளைக்காரங்களுக்கு ஊர் காட்டுதல்லா, எங்களுக்கு நம்ம ஊரைக் காட்டு” என்று பிடித்துக்கொண்டாள். குமரி மாவட்டத்துக்கு வருகிற கூட்டம் சூரிய உதயத்தையும் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறது. உள்நாட்டுப் பக்கம் வருகிறவர்கள் பத்மநாபபுரம் அரண்மனையோடு சரி. உள்ளூர்ப் பிள்ளைகளோ, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரு தடவை வரிசையில் நின்று பார்த்ததோடு சரி.

சைக்கிளுக்கு எங்கே போவது? மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற கடைகள் எல்லாம் மூடிவிட்டன. அவளும் தோழிகளும் அரசாங்க சைக்கிள்களை விறகுக் குவியலுக்குப் பின்னாலிருந்து இழுத்து வந்தார்கள். கடைக்கார அண்ணாச்சி செயினுக்கு எண்ணெய் போட்டு, டயரை அழுத்திப் பார்த்து, “இதெல்லாம் எடைக்குப் போட வேண்டிய சாமான் பிள்ளே” என்று சொல்லிக்கொண்டே காற்றடித்துக் கொடுத்தார். சித்தப்பாவுக்குப் பிள்ளைகளைத் தனியாக விட மனசில்லை. டிவிஎஸ் ஃபிப்டியில் பின்னாலேயே வந்தார். டெல்ஃப்டில் கடைசி ஆளுக்கு மஞ்சள் மேல்சட்டை போடுவோம், இங்கே சித்தப்பாவின் ஹாரனே போதும்.

மெயின் ரோட்டில் கேரளா லாரிகளோடு சைக்கிள் ஓட்டுவது தற்கொலை. அதனால் விடியற்காலையிலேயே கிளம்பி, சானல் கரையும் ஊர்ப்பாதையுமாகக் குமாரகோவில் போனோம். வேளிமலை அடிவாரத்தில் வள்ளியோடு நிற்கிற முருகனைக் கும்பிட்டுவிட்டு, உதயகிரிக் கோட்டை. அது இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. இடிந்த தேவாலயத்துக்குள் டி லனாய், பக்கத்தில் மனைவி, மகன். வழிப்போக்கனே நில் என்றுதான் லத்தீன் வாசகம் தொடங்குகிறது. பிள்ளைகள் தமிழ் எழுத்துகளைத் தடவித் தடவிப் படித்தார்கள். தோழி ஒருத்தி, நீலகண்ட பிள்ளைக்கு, அதாவது 2022இல் புனிதரான தேவசகாயத்துக்கு, கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னவர் இவர்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்ற ராஜ்ஜியத்தின் தளபதியும் இவர்தான் என்று சொன்னதும் எல்லாரும் ஒரேயடியாகப் பேச ஆரம்பித்தார்கள். அந்த வாக்குவாதம் பத்மநாபபுரம் வரைக்கும் ஓடியது.

அரண்மனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் பார்த்ததுதான். தமிழ்நாட்டில் இருந்தாலும் கேரள அரசு பராமரிக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. 1956இல் எல்லை மாறியும் இது மட்டும் அவர்கள் கையில் இருக்கிற விவரம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. மூலிகைக் கட்டிலைக் காட்டி, இது டச்சுக்காரர்கள் கொடுத்தது என்று அங்கிருந்த பணியாளர் சொன்னார். சித்தப்பா என் காதோரம் குனிந்து, “டச்சுக்காரன் தோத்த கதைய டச்சுக்காரங்கிட்டயே சொல்லிச் சக்கரம் வாங்குதியே, கட்டிலைத் திருப்பிக் கேட்டுறப் போறான்” என்றார். சக்கரம் என்றால் எங்கள் பக்கத்தில் காசு.

நாங்கள் திரும்பி வந்த பிறகும் சித்தி மகள் விடவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரித் தோழிகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறாள். கூட்டமாக இருக்கிறது என்று அரண்மனையை வழியிலிருந்து எடுத்துவிட்டாள், இரணியல் வழியாகக் குளச்சல் வெற்றித்தூண் வரை போய், கடற்கரையில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிடுவதைச் சேர்த்துவிட்டாள். நான் சொல்கிற கதை நீளமாம், வெயிலில் யாரும் நிற்க மாட்டார்களாம், பாதியாகக் குறைத்து எழுதி அனுப்பு என்கிறாள். குறைத்து அனுப்பியிருக்கிறேன். சித்தப்பாவின் டிவிஎஸ்ஸுக்கு யார் பெட்ரோல் போடுவது என்பதில்தான் அங்கே இன்னும் இழுபறி.